நாலுக்கு மூணு

"நான் நாலு தட்டினா சுவர் மூணு தட்டுது. எந்தப் பேய்க்கு இவ்வளவு சுத்தமா இலக்கணம் தெரியும்?" என்றார் பேராசிரியர்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எழுதும் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வீடு. தனிக்கட்டை. வெளியூரில் இருக்கும் மகளிடம் மூச்சு விடாமல் திடீரென்று போய் நின்று அவளை அசத்தப் போவதாக இவர்களிடம் சொல்லியிருந்தாள். அது மூன்று நாளைக்கு முந்தி. அப்போதிருந்து அங்கே கதவும் ஜன்னலும் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு இப்போது ஒரு பழைய ஆங்கிலக் கவிதைதான் உலகம். அதன் சந்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். முதல் அடிக்கு நாலு தட்டு, அடுத்த அடிக்கு மூணு தட்டு. ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ஒரே வரி திரும்ப வரும். பென்சிலால் சுவரில் தட்டிக் கணக்குப் பார்ப்பது நாற்பது வருஷப் பழக்கம்.

அந்த மூன்று நாளில் முதல் நாள் காலையில் நாலு தட்டினார். அடுத்த அடியை அவர் தொடங்குமுன் சுவர் மூணு தட்டியது. அவருக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. பயம் தெளிந்ததும் ருசி கண்டுவிட்டார். முதல் அடியை இவர் தட்டுவார், இரண்டாம் அடி அங்கிருந்து வரும்.

"வீட்டைக் காலி பண்ணிடலாங்க. அந்த ரூம் பக்கம் போனாலே எனக்கு உதறுது."

வெள்ளிக்கிழமை கட்டுரை முடியட்டும் என்றார். வகுப்பில் ஒருத்தனும் ஒழுங்காகத் தட்டியதில்லை, ஒரு சுவராவது தட்டுகிறதே என்று கேலி வேறு. அவள் தம்பி வீட்டுக்குக் கிளம்பப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள். இந்த முறை வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

அன்று மத்தியானம் நாலு தட்டினார். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு இரண்டுதான் வந்தது. நன்றாகப் படிக்கிற பையன் கோட்டை விட்டதுபோல அவருக்கு எரிச்சல். மறுபடி தட்டினார். ஒன்று வந்தது, அதுவும் காதை வைத்தால்தான் கேட்கும்.

திரும்பத் திரும்ப வரும் வரிக்கு அர்த்தம் தேடக் கூடாது, அது வெறும் ஓசை என்று நோட்டில் எழுதினார்.

கூடத்தில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். பேசியது தையல்காரம்மாவின் மகள். அம்மா மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை, கொஞ்சம் எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

கதவை உடைக்க வேண்டியிருந்தது. குளியலறையில், அதே சுவரோரம், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள் தையல்காரம்மா. வாளித் தண்ணீரில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பித்தளைச் சொம்பு.

மனைவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரம்மாவின் கண் பேராசிரியரைத் தேடிப் பிடித்தது.

"விழுந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன் சார். அப்புறம் நீங்க தட்டினீங்க. நான் தட்டினப்போ எல்லாம் நீங்களும் பதிலுக்குத் தட்டினீங்க. வந்துடுவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு, கத்துறதையே நிறுத்திட்டேன்."