சின்னக்கருப்பன் பெயருக்கு நேரே

சின்னக்கருப்பன் இறந்த தேதியைக் குறித்துக்கொண்டு வரத்தான் கூக்கால் கிராமத்துக்குப் போனேன். அவரோ வாசலில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. எழுதிக்கொண்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று வந்திருந்தேன். அதை விட்டால் மறுநாள் காலைதான்.

நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவன். எண்பத்து மூன்றில் எங்கள் டாக்டர், ஈரல் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்தார். மஞ்சள்காமாலை வைரஸின் அடையாளம் அதில் இருந்தால் நோட்டில் பெயருக்கு நேரே கூட்டல் குறி. இல்லாவிட்டால் கழித்தல் குறி.

கூட்டல் குறிக்காரர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்பது டாக்டரின் கணிப்பு. பதினோரு பேரில் பத்துப் பேர் எட்டு மாதம் தாண்டவில்லை.

மிச்சமிருந்தது சின்னக்கருப்பன். பதினாறு மாதமாகத் தகவல் இல்லை. கட்டுரையை முடிக்க டாக்டருக்கு இவருடைய தேதி மட்டும்தான் பாக்கி.

ஆள் மெலிந்திருந்தார். வயிறு லேசாக உப்பியிருந்தது. ஆனாலும் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

திறந்த நோட்டோடு அசட்டுத்தனமாக நின்றேன். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று விசாரித்தேன்.

அவர் மனைவி சிவபாக்கியம் உள்ளேயிருந்து வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம்.

“மருந்தெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நான் குடுத்த ரத்தந்தான் இவரப் பொழைக்க வச்சிருக்கு” என்றாள்.

நாங்கள் இவருக்கு ரத்தம் ஏற்றவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“அன்னைக்கு இவரு பேரச் சொல்லி, ரத்தம் எடுக்கணும்னு கூப்பிட்டீங்கள்ல? இவரு ஒடம்புல ஏதுங்க ரத்தம்? பெஞ்சுல சுருண்டு கெடந்தாரு. கம்பளியப் போத்திக்கிட்டு நாந்தான் வந்து கைய நீட்டுனேன்.”

குளிருக்குப் பயந்து நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன ஜன்னல் வழியாகத்தான் ரத்தம் எடுப்போம். வெளியே நிற்பவர் கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும். காட்டுவேலையில் காய்த்துப்போன கை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படிச் சொல்லித்தான் இன்றுவரை என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

எடுத்த ரத்தத்தைப் புருஷனுக்கு ஏற்றியிருப்போம் என்று அவள் நம்பியிருக்கிறாள். அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்திருக்கிறாள். சின்னக்கருப்பன் அவளைப் பெருமையாகப் பார்த்துத் தலையாட்டினார்.

நோட்டைப் பார்த்தேன். அந்தக் கூட்டல் குறி அவருடையது இல்லை.

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சள் பூத்திருந்தது.

எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெயிலில் நின்றால் அப்படித்தான் ஆகும் என்று சிரித்துவிட்டாள்.

பையைத் திறந்து ஊசியையும் இரண்டு குழாய்களையும் எடுத்தேன். முதலில் அவர் கையில் எடுத்து, பெயரெழுதி ஒட்டினேன். பிறகு அவளை உட்காரச் சொன்னேன்.

ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

“எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க. இவருக்குத்தானே?”

“இவருக்குத்தாம்மா” என்றேன்.