கெண்டைக்கால்

மாடிப்படி ஏறி முடித்ததும் தமயந்தி குனிந்து, கணவனின் கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா திரண்டுக்கிட்டு வருதுங்க. பயில்வான் கால் மாதிரி. தினமும் ஏறுங்க ஏறுங்கன்னு நான் கத்துனது வீண் போகலை, பாத்தீங்களா?"

சேதுராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது தசை இல்லை, தசை அழிந்த இடத்தில் சேர்ந்த கொழுப்பு என்று காலையில்தான் மருத்துவர் அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குப் பயிற்சியில் நைந்துபோகும் தசைநார் முன்பைவிட உறுதியாகக் கட்டிக்கொள்ளும். அவன் உடம்பிலோ, அந்த நாரைத் தாங்கிப் பிடிக்கிற புரதம் பிறவியிலேயே சரியாக அமையவில்லை. கடுமையாக உழைக்கும்போதெல்லாம் கிழிவதுதான் மிச்சம். மருந்து இல்லை.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

அவள் இன்னும் காலை விடவில்லை. கட்டைவிரலால் அந்தத் திரட்சியை ஆசையாக வருடிக்கொண்டிருந்தாள்.

"நல்ல முன்னேற்றம்னாரு."

"அப்ப இன்னொரு தடவை ஏறிடலாம், வாங்க" என்று தமயந்தி அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் மெல்லக் கீழே இறங்கினார்கள். அவள் தோளில் கனம் விழாதபடி, சேதுராமன் தன் காலிலேயே அழுத்தி ஊன்றி இறங்கினான்.