பத்து வருஷ அனுபவம்

பெருங்குடிக் கம்பெனிகளில் அப்போது ஒரே பாட்டுதான்: புதியவனுக்கு அனுபவம் போதாது, பழையவனுக்கு அனுபவம் அதிகம். அப்படி வேலை போன பிரதீபன், தன் பத்து வருஷ ஆபீஸ் அனுபவத்தைத் தலையிலிருந்து எடுத்து, காலேஜ் முடித்து அலைந்த ரித்விக்குக்கு விற்றான். மறுவாரமே இருவருக்கும் வேலை கிடைத்தது. இவனுக்குப் புதியவன் என்று, அவனுக்கு அனுபவசாலி என்று.

"ஆபீஸ் சமாச்சாரம் மட்டும்தானே போச்சு?" என்று மனைவி யாழினி கேட்டாள்.

"வேற எதையும் தொடலயாம்."

அவள் நம்பவில்லை. காபி கொடுத்தால் "தேங்க்ஸ்ங்க" என்கிறான். சொந்த சோபாவிலேயே நுனியில் உட்காருகிறான். புருஷனுக்குத் திடீரென்று மரியாதை வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது?

ஞாயிற்றுக்கிழமை ரித்விக் நன்றி சொல்ல ஸ்வீட்டோடு வந்தான். யாழினியை நிமிர்ந்து பார்க்கவே கூசினான்.

"என்ன தம்பி, தரையில என்ன தேடுற?"

"இல்ல... நாம ஒரே டீம்ல இருந்தப்போ, கேன்டீன்ல என் மேல, அதாவது அண்ணன் மேல, ரசத்தைக் கொட்டிட்டு அழுதீங்கல்ல? அன்னைக்குத்தான் எனக்கு உங்களை..."

"போதும், கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத!"

அவனை லிஃப்டில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். பிரதீபன் திருதிருவென்று விழித்தபடி அவளிடம் கேட்டான்:

"ஏங்க, நம்மளுது வீட்ல பாத்து வச்ச கல்யாணம்தானே?"

"ஒரு வருஷம் என் பின்னாடியே சுத்துனீங்க."

பிரதீபன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"யாரு, நானா?"

அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்நேரம் கீழே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.