எத்தனை விசில்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் இசைவாணி மறுபடியும் வாந்தி எடுத்தாள். சோலையம்மாள் தன் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். விரல் இடுக்கில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி இன்னும் போகவில்லை.

“டாக்டரம்மா, கம்பெனியில இருந்து வந்து கையக் கழுவிட்டுத்தான் சமைச்சேன். ஆனாலும் மருந்து சோத்துல கலந்துருச்சோ? என் பிள்ளைய நானே கொன்னுட்டேனோ?”

“பதறாதீங்க. என்ன சாப்பிட்டா?”

“விருதுநகர்ல வாங்குன ராஜ்மா. சத்துன்னாக, அவளுக்கு மட்டும் வச்சேன்.”

“எத்தனை விசில் விட்டீங்க?”

“குக்கர்ல வைக்கல. சட்டியில, கொதிக்கவிடாம சின்னத் தீயிலயே வச்சு எடுத்தேன்.”

“அதுதாம்மா காரணம். ராஜ்மா நல்லாக் கொதிச்சு வெந்தாத்தான் அதுல உள்ள நஞ்சு போகும். பயப்படாதீங்க, சரியாயிரும். வீட்ல குக்கர் இல்லையா?”

“இருக்கு.” கட்டிலருகே நின்ற கணவன் முனியராஜைப் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள். “போன வருசம் கம்பெனி வெடிச்சப்ப தப்பிச்சு வந்தவுக. விசில் அடிச்சா, ஏன், சட்டி மூடி தடதடத்தாலே...”

வராந்தாவில் யாரோ எவர்சில்வர் தட்டை டணாரென்று கீழே போட்டார்கள்.

முனியராஜ் மகள்மேல் பாய்ந்து, தன் உடம்பால் அவளை மூடிக்கொண்டான்.