ஒட்டாத பைப்

“நிறுத்துங்க! இறக்கின பைப்பை எல்லாம் வெளியே எடுங்க!”

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார் சுரங்கக் கம்பெனி அதிகாரி. எந்நேரமும் தலையில் மஞ்சள் தொப்பி. தெருவில் அவருக்குப் பெயரே அதுதான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த போர்க்காரர் லீவரிலிருந்து கையை எடுத்தார். “ஏன் சார்? கடைசி பைப் இறங்கப் போகுது.”

“ஜாயின்ட்ல என்ன தடவியிருக்கு?”

“சொல்யூஷன் சார். பைப் ஒட்ட வேற என்னத்தைத் தடவறது? இத்தனை வருஷமா வீடு வீடா போர் போடறேன். நான் ஒட்டின ஜாயின்ட் ஒண்ணு கழண்டதில்ல.”

“கழண்டாலும் பரவாயில்ல, ஒட்டக் கூடாது. மரை போட்ட பைப்பாப் பார்த்துத் திருகி இறக்கணும். இந்தக் குழியும் வேண்டாம். மூடிட்டு, தள்ளிப் புதுசாப் போடுங்க.”

சுற்றி நின்ற தெருக் கூட்டம் கொந்தளித்தது. கொந்தளிக்காமல் என்ன செய்யும்? இது குடிதண்ணீருக்குப் போடும் கிணறு இல்லை. மேலே இருக்கும் சுரங்கத்திலிருந்து பூமிக்குள் என்ன கசிந்து தெருப் பக்கம் வருகிறது என்று மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதிப்பதற்கான கண்காணிப்புக் கிணறு. மனுமேல் மனு போட்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கம்பெனியே போட்டுத் தர வேண்டும் என்று உத்தரவு வாங்கியது இந்தத் தெரு. தெரு என்றால், உண்மையில் ஒரே ஒருத்தி.

‘வக்கீலம்மா’ என்று கூப்பிடுவார்கள். கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை. பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவள் வீட்டுக் குழாயில் பிடிக்கும் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். அதில் குளித்துக் குளித்துச் சின்ன மகளுக்குக் கை காலெல்லாம் தடிப்பு. அவள் சொறியும் சத்தம் கேட்டால் அம்மாவுக்குத் தையல் ஓடாது.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு முன்னால் வந்தாள்.

“சார், போர் வண்டி சாயங்காலம் வேற ஊருக்குப் போகுது. அது திரும்பி வர்றதுக்குள்ள என் பொண்ணு பாட்டியாயிடுவா. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்மா.”

“அப்போ தெரிஞ்சேதான் பண்றீங்க! உங்களுக்குச் சம்பளம் எந்த வாசல்ல இருந்து வருதுன்னு எங்களுக்கும் தெரியும் சார்.”

அந்த நேரம் பார்த்து மஞ்சள் தொப்பியின் செல்போன் அடித்தது. தள்ளிப் போய் நின்று பேசினார்.

“ஆமா சார்... பார்த்துட்டேன் சார்... புரியுது சார்... சரி சார்.”

“மேலிடம்! எப்படி இழுத்தடிக்கணும்னு பாடம் நடக்குது,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பேசி முடித்த மஞ்சள் தொப்பி நேராக ஜீப்பில் ஏறினார். “பைப்பை எடுத்து வைங்க, வரேன்,” என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

“கம்பி நீட்டிட்டாரு,” என்றார் போர்க்காரர். “நானும் மூட்டை கட்டறேன்க்கா. எனக்கும் பொழப்பு இருக்கு.”

வக்கீலம்மா வீட்டுக்குள் போனாள். ஒரு ஸ்டூலையும், பட்டன் வைக்காத சட்டைக் குவியலையும் தூக்கி வந்தாள். போர் வண்டிக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள்.

“அக்கா, இதென்ன வம்பு? நகருங்க.”

“கிணறு முடியட்டும், நகர்றேன். நீங்களும் சும்மா நிக்காதீங்கண்ணே, புதுக் குழியைப் போடுங்க. அந்த ஆள் திரும்பி வந்தா, குழி இல்லைன்னு ஒரு சாக்கு சொல்லக் கூடாது.”

போர்க்காரர் அவளைப் பார்த்தார். மடியில் கிடந்த சட்டைக் குவியலைப் பார்த்தார். அது தீருகிற மாதிரி தெரியவில்லை. பழைய பைப்பை உருவிப் போட்டு, குழியை மூடிவிட்டு, தள்ளி மெஷினை ஓட விட்டார்.

வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது. புதுக் குழியில் தண்ணீர் கண்டபோது ஜீப் சத்தம் கேட்டது. கூரைமேல் கயிறு கட்டி, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தன மரை பைப்புகள்.

யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. அவரே தோளில் சுமந்து இறக்கினார். ஒவ்வொரு பைப்பையும் கழுவ வைத்தார். பழக்க தோஷத்தில் மரையில் கிரீஸ் தடவப் போன போர்க்காரரின் கையை எட்டிப் பிடித்தார். பைப்பைச் சுற்றிக் கழுவின மணல், அதற்குமேல் களிமண், கலங்கல் போகும்வரை பம்பு, கடைசியில் சிமென்டும் பூட்டுப் போட்ட மூடியும். எதிலும் ஆளை அசைக்க முடியவில்லை.

பொழுது சாய்ந்தபோது வக்கீலம்மா ஸ்டூலைத் தூக்கினாள். கோபம் இறங்கியிருந்தது. சந்தேகம்தான் இறங்கவில்லை.

“ஒரு துளி சொல்யூஷனுக்கா சார் எங்களை இந்தப் பாடு படுத்தினீங்க?”

மஞ்சள் தொப்பி அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“அதுல இருக்கிற ரசாயனம் தண்ணியில கரையும்மா. நாளைக்கு இந்தத் தண்ணியில விஷம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, ‘சுரங்கத்துல இருந்து வரலை, பைப் ஒட்டினதுல இருந்து வந்தது’ன்னு கம்பெனி ஒரே வரியில பதில் எழுதிடும். அதோட இந்தக் கிணறு செல்லாக்காசு. காலையில மேலிடத்துல போன்ல சொன்னதும் அதைத்தான். ‘ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும், பின்னாடி உதவும்’னாங்க. சரி சார்னு சொல்லிட்டுப் பைப் கடைக்குப் போனேன்.”

அவள் ஸ்டூலைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

“குழந்தைங்க குளிக்கிற தண்ணி சார்! மனசறிஞ்சு அப்படி ஒரு பதிலை எந்தப் பாவி எழுதுவான்?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான்தாம்மா. அதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.”