மூன்றாவது கிழிசல்

மகளை மடியில் சாய்த்துப் பால் கொடுத்தபடியே, வில்லனின் கிமோனோவைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு இது மூன்றாவது கிழிசல். அதே இடது கை.

வெளியே சாமுராய் படம் எடுக்கிறார்கள். பட்டப்பகலில் நிலா. காகிதப் பனி. கதவிடுக்கில் மிதந்து வந்த ஒரு துணுக்கு மகளின் நெற்றியில் உட்கார்ந்தது. ஊதினேன். தூக்கத்தில் சிரித்தாள்.

ஐந்து மாதம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இந்தத் தையல் அறையில் துணிக்கூடைக்குள் அவள் இருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போச்சு.

படப்பிடிப்பு நடக்கும்போது நான் அந்தப் பனி ஓரத்தில் நிற்க வேண்டும். ஏதாவது கிழிந்தால்தான் உள்ளே வரலாம்.

சற்றுமுன் டைரக்டர் கத்தினார்.

"என்னங்க இசொகாய்! இருபது வருஷமா வில்லன். கையை வீசினாலே கிழியுதா?"

"சதை போட்டுடுச்சுங்க," என்று இளித்தார் இசொகாய்.

"இன்னொரு தடவை கிழிஞ்சுது, உங்க சாவுக் காட்சி கிடையாது. மூணு மணிக்கு வேற ஆளைக் கொன்னுக்கறேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். இசொகாய் மட்டும் சிரிக்கவில்லை. பனியில் விழுந்து சாகிற அந்த ஒரு காட்சிக்காகத்தான் மனுஷர் இந்தப் படத்துக்கே ஒத்துக்கொண்டார்.

"துணியோட அருமை தெரியாத எருமை. இந்தா சதாயோ, தை," என்று கிமோனோவை என்மேல் எறிந்தாள் உடைகளுக்குப் பொறுப்பான தொமே அக்கா.

நானும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

இப்போது கிழிசலை விளக்கடியில் பார்க்கிறேன். பிசிறே இல்லை. நேர்கோடு.

இங்கே வாளெல்லாம் மூங்கில். மேலே வெள்ளித்தாள். டோஃபுகூட வெட்டாது.

கிமோனோவின் தொங்கும் கைமடிப்புக்குள் ஏதோ கனத்தது. விரலை விட்டேன்.

சின்னக் கத்தரிக்கோல்.

ஒன்பது மணி, பதினொன்று, ஒன்று. மூன்று தடவையும் நான் உள்ளே வந்தபோது மகள் பசியில் சிணுங்க ஆரம்பித்திருந்தாள். இந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இசொகாய் ஒப்பனை போடுகிற இடம்.

கத்தரிக்கோலை என் ஊசிப்பெட்டியில் ஒளித்தேன். இரட்டை நூலில் இறுக்கித் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

மணி மூன்று. பனி ஓரத்தில் நிற்கிறேன். இசொகாய் வாளை உருவிக்கொண்டு பனிக்குள் நடக்கிறார். தையல் அறைப் பலகைக்குப் பின்னால் மெல்லிய சிணுங்கல். பரவாயில்லை, இந்த ஒரு தடவை அவர் நிம்மதியாகச் சாகட்டும், நான் எப்படியாவது...

"சதாயோ! பல்லாலயே கடிச்சுக் கிழிச்சுட்டான்டீ இந்தக் கிழவன்! ஓடி வா!"