ஊதாக் கோடு

டொலீடோ நகரின் டயாலிசிஸ் நிலையம் திங்களன்று திறப்பதாக இருந்தது. அறுபது மைல் அலைந்து சலித்த இருபத்தாறு நோயாளிகள் அந்நாளுக்காகக் காத்திருந்தனர். ஆய்வாளர் டெக்ஸ்டரோடு நிலவறைக்குள் இறங்குகையில்தான் மின்பணியாளர் வாண்டாவுக்கு அது நினைவு வந்தது. மின்மாற்றியையும் கம்பிகள் செல்லும் இரும்புக் குழாயையும் நிலத்தோடு பிணைக்கும் செப்புக் கம்பியை அவள் பூட்டவே இல்லை. அது இன்றேல் அனுமதியும் இல்லை.

டெக்ஸ்டர் மின்மாற்றியின் மூடியைக் கழற்றினார்.

"என்ன வாண்டா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? நான் என்ன பேயா?"

"டெக்ஸ், எர்த் கம்பிய மறந்துட்டேன்."

"எதை மறந்தே? இங்கதான இருக்கு. உன் வேலைலயே இதான் ஒழுங்கு."

கம்பி இருந்தது. முறுக்கிய திருகின்மேல் அடையாளமாக மையால் கோடிடுவது மின்பணியாளர் வழக்கம். வாண்டாவின் கோடு சிவப்பு, இதுவோ ஊதா. ஊதாவில் கோடிட்டு வந்தவர், அவளோடு பத்தொன்பது ஆண்டு பணிசெய்த ஆர்லோ. சென்ற மார்ச்சில், அந்த ஊதாப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தே அவரை அடக்கம் செய்தனர்.

டெக்ஸ்டர் அனுமதிச் சீட்டை ஒட்டிவிட்டு மேலேறினார். வாண்டா திருகை முறுக்கிப் பார்த்தாள், இம்மியும் அசையவில்லை. அவள் விரலில் ஊதா மை ஈரமாக ஒட்டியிருந்தது.

அக்கோட்டின் அருகே தன் சிவப்புக் கோட்டையும் இழுத்துவிட்டு, அவள் மூடியைப் பூட்டினாள்.